யா எண்டால் தடுக்கிறது

“தில்லையண்ணை, உந்தக் கஞ்சா வோட்டில தடுக்கிறதுக்கு என்ன எழுதவேணும், விடுறதுக்கு என்ன எழுதவேணும்?”

சிவகலா கேட்டது இவ்வளவுதான். சுவிஸின் ஆராவ் நகரத் தமிழ்ப் பெற்றோர் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் நகரசபை தபாலில் அனுப்பிய வாக்குச்சீட்டு இருந்தது. அந்த ஆண்டுதான் அவளுக்குச் சுவிஸ் கடவுச்சீட்டுக் கிடைத்திருந்தது.

கஞ்சாவுக்குச் சம்மதம் என்றால், டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில், ‘யா’ என்று எழுத வேண்டும். வேண்டாம் என்றால் ‘நைன்’. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தில்லைநாதனின் வாய் அவரைக் கேட்காமலே வேறு வேலை பார்த்தது.

“தடுக்கிறதெண்டால் யா. விடுறதெண்டால் நைன்.”

“யா எண்டால் ஓம் எல்லோ?”

“கேள்வியைத் தலைகீழாக் கேட்டு வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை. இந்தச் சட்ட டொச் விளங்கிறது கஷ்டம்.”

சிவகலா தலையாட்டிவிட்டுப் போனாள். தில்லைநாதன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்கள் சொற்பம். சங்கத்தின் செயலாளர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வருகிற டொச்சுக் கடிதங்களை எல்லாருக்கும் வாசித்து விளக்கம் சொல்லுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் ஆண்டு விழா மேடையில் ஏறி, “கஞ்சா மணத்தோட வாறவனுக்கு இந்த மண்டபத்தில இடமில்லை” என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவரும் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் அவர் மனைவி இந்திராவுக்கு அக்கி வந்தது. கொப்புளங்கள் ஆறிவிட்டன; விலாப்பக்கத்து நரம்பு மட்டும் ஆறவில்லை. சட்டைத் துணி பட்டாலே துடித்துப்போவாள். கொடுக்காத குளிசை இல்லை. கடைசியில் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சிலருக்குக் கஞ்சாச் சாறு கேட்கிறது என்கிறார்கள். ஆனால் நான் எழுதித் தர முடியாது. சட்டம்” என்றார்.

அன்றைக்கு டொக்டர் வீட்டுப் படியிறங்கும்போது தில்லைநாதன் மனதுக்குள் கட்சி மாறிவிட்டார். 2008 நவம்பரில் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று நாடே வாக்களிக்கப் போகிறது என்ற செய்தி வந்து, சீட்டும் வந்தபோது, அதில் ‘யா’ என்று அழுத்தி எழுதி, கதவைச் சாத்திக்கொண்டு உறையை ஒட்டினார். ஆனால் மேடையில் முழங்கிய வாயால் சனத்திடம் போய், ‘என்ர மனுசிக்காக மாத்திப் போடுங்கோ’ என்று கேட்க அவருக்கு நாக்குப் புரளவில்லை.

சிவகலாவின் ஒரு வோட்டு. அதோடு போகட்டும் என்று நினைத்தார். போகவில்லை. அடுத்த நாள் சங்கத் தலைவர் சிவநேசன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தில்லை, யா எண்டால் தடுக்கிறது எண்டு சொன்னீராம். சிவகலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறா. மெய்யே?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்குத் தடுமாறியது என்று சமாளித்திருக்கலாம். தில்லைநாதன் தொண்டையைச் செருமினார்.

“ஓம் அண்ணை. கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவர விருப்பமோ எண்டுதான் கேள்வி. கட்டுப்பாடெண்டால் தடுக்கிறதுதானே?”

மறுமுனையில் பேனை தேடுகிற சத்தம் கேட்டது.

“நல்ல காலம், நீர் இருக்கிறீர். நான் மாறிப் போட்டிருப்பன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவினம். ஒருக்கா வடிவா விளங்கப்படுத்திவிடும்.”

ஞாயிறு வந்தது. தமிழ்ப் பள்ளிக் கரும்பலகையில் அரிச்சுவடியை அழித்துவிட்டு, சோக்கட்டியைத் தில்லைநாதன் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு சனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ‘தடுக்க: யா’ என்று எழுதிவிட்டுச் சோக்கட்டியை வைக்கப் போனார்.

“மற்றதையும் எழுதிவிடும்,” என்றார் சிவநேசன். “ஆரும் குழம்பக்கூடாது.”

‘விட: நைன்’ என்றும் எழுதினார். அவசரத்தில் நைனின் கொம்பு கோணிப்போயிற்று. சனம் கவனமாகப் பார்த்தது. சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு கவனமாய் இவர்கள் பாடம் கேட்டு அவர் கண்டதேயில்லை.

“உந்த விசயத்தில நான் சொன்னதை மட்டும் நம்பவேண்டாம்,” என்றார் தில்லைநாதன், நெஞ்சு பொறுக்காமல். “நீங்களும் சீட்டோட வந்த விளக்கப் புத்தகத்தை வாசிச்சுப் பாருங்கோ.”

“உவருக்கு எப்பவும் அடக்கம்தான்!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன் எழுந்து பொன்னாடை போர்த்தினார். அது போன வருடம் ஒரு பேச்சாளருக்கு வாங்கி, அவர் வராமல் விட்டதால் மிஞ்சிய பொன்னாடை.

அன்று பின்னேரம் பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார்.

“இதென்ன கோலம்?” என்றாள் இந்திரா. சாய்மனைக் கதிரையில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து, விலாவில் எதுவும் படாமல் இருந்தாள்.

“சங்கத்தில தந்தவை.”

“என்னத்துக்கு?”

“டொச்சுக்கு,” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுவதும் போகுமிடமெல்லாம் மரியாதை. பஸ்ஸில் சங்கத்து இரத்தினம்மா எழும்பி இடம் கொடுத்தா. அவவுக்கு அவரைவிட வயது கூட. “நீர் எழுதினதைப் பார்த்துத்தான் போட்டனான், தம்பி. இப்பதான் மனதுக்கு நிம்மதியாக் கிடக்கு,” என்றா. தில்லைநாதனுக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, மழையில் நடந்தே வேலைக்குப் போனார்.

இனித் தாங்காது என்று சிவநேசனின் கடைக்குப் போனார். சிவநேசன் வெண்டிக்காய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நான் சொன்னது பிழையோ எண்டு ஒரு யோசினை. யாவும் நைனும் மாறிப்போச்சுப் போலக் கிடக்கு.”

சிவநேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தில்லை, எல்லாரும் தபாலில போட்டாச்சு. இனி நீர் குழம்பி, மற்றவையையும் குழப்பாதேயும். போய் இந்திராவைக் கவனியும்.” ஒரு பை நிறைய வெண்டிக்காயைக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை.

வாக்கெண்ணும் ஞாயிற்றுக்கிழமை தில்லைநாதன் குசினியில் வானொலியை மெதுவாக வைத்துக் கேட்டார். நைன். ஒவ்வொரு மாநிலமாக நைன். ஆராவிலும் நைன். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வேண்டாம் என்றுவிட்டது நாடு. அவர் வானொலியை நிற்பாட்டினார்.

சனத்தை ஏமாற்றியதுதான் மிச்சம், மருந்தும் இல்லை. இந்திராவுக்கு முன்னால் போய் நிலத்தில் உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் சிரிக்கத் தொடங்கி, விலா நொந்து, கண்ணில் நீர் வர நிறுத்தினாள்.

“ஒருக்கா வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டால் போடுவினமோ? நான் மேடையில கதைச்ச கதைக்கு?”

“போடாட்டிப் பரவாயில்லை. கேட்டனீங்கள் எண்டாவது இருந்திருக்கும்.”

இத்தனை வருடம் ஒரே மண்டபத்தில் கதிரை அடுக்கிய ஆட்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வக்கில்லாமல், பலகையில் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். நாளைக்கு யாராவது விசயத்தைக் கண்டுபிடித்தால் எந்த முகத்தோடு பார்ப்பது? மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். முதலில் சிவநேசனிடம், பிறகு மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால். சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முதல் வசனத்தையே மூன்று தரம் மாற்றினார்.

கதவு மணி அடித்தது.

திறந்தால் சிவகலா. அவளுக்குப் பின்னால் சிவநேசன், இரத்தினம்மா, படிக்கட்டு நிறையச் சங்கத்து ஆட்கள். விசயம் வெளித்துவிட்டது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று தில்லைநாதன் நினைத்துக்கொண்டார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ…” என்று தொடங்கினார்.

“இல்லை அண்ணை, நீங்கள்தான் எங்களை மன்னிக்கவேணும்,” என்றாள் சிவகலா. அவள் கையில் கேசரிச் சட்டி சுடச்சுட இருந்தது. “நீங்கள் தடுக்க நிக்கிறியள், உங்களிட்டைச் சொல்லப் பயம், ஆனால் இந்திரா அக்கா படுற பாட்டைப் பார்த்து, அவவுக்கு அது மருந்தாகும் எண்டு, சிவநேசன் அண்ணையில இருந்து நாங்கள் ஒருத்தர் விடாமல் எல்லாரும் நீங்கள் பலகையில எழுதிக் காட்டின அந்த நைனைத்தான் போட்டனாங்கள். இப்ப ரேடியோவில கேட்டனீங்களோ அண்ணை, வென்றிட்டம்!”