மூன்று இதழ் இம்பெல்லரும் ஒரு மொட்டையும்

பயந்த சுபாவம் உள்ளவனுக்கு வாய் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். கடவுள் எனக்கு இரண்டையும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். பயம் பிறக்கும்போதே வந்தது. வாய், தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு வளர்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றுக்குக் கிணறு மோட்டார். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுமே தவிர ஓடாது. சுவிட்சை அணைத்துவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிட்டால் போதும், அடுத்த தடவை ஓடிவிடும். எனக்குத் தெரிந்த மொத்த இன்ஜினியரிங் இவ்வளவுதான். (படித்தது பி.காம்.) ஆனால் நெம்பி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "இம்பெல்லர் ஜாம் ஆயிருந்தது, ரிலீஸ் பண்ணிட்டேன்" என்பேன். தெருவே மரியாதையாகப் பார்க்கும். உண்மையில் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, நான் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பித்தளையில் கனமாக இருந்தது.

ஆபீஸ் மோட்டாரையும் ஒரு நாள் இப்படி நெம்பிவிட்டு அதே வசனத்தைச் சொன்னேன். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தேசிங்கு அதைக் கேட்டுவிட்டான். அவன் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். அவனுடைய அண்ணன் கன்னியப்பன் ஃபைபர் படகு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். படகு இன்ஜின் சூடாகாமல் இருக்க, ஒரு சின்ன பம்ப் வெளியிலிருந்து தண்ணீரை இழுத்து உள்ளே விடுமாம். அந்தப் பம்பில் இம்பெல்லர் இறுகிப்போய் வர மறுக்கிறது, படகு சும்மா கட்டிக் கிடக்கிறது என்றான்.

"நீ வந்து பாரு மச்சான். உன்ன வுட்டா வேற ஆளு கெடையாது."

எனக்கு அந்த மாதக் கடைசியில் கல்யாணம். பெண் ஊரப்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கொடுக்கப் போகவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டு, "இம்பெல்லர்தானே? பாத்துக்கலாம்" என்றது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். படகு உப்பங்கழியில் கட்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில் கழி கடலோடு சேரும் இடத்தில் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறினேன். கன்னியப்பன் அதிகம் பேசாத, ஆகிருதியான மனிதர். படகின் முனையில் உட்கார்ந்து, வலையில் சிக்கியிருந்த எதையோ கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். நல்ல நீளமான கத்தி.

பம்ப் கைக்கு அடக்கமான ஒரு பித்தளை டப்பா. மூடியைக் கழற்றினேன். உள்ளே பித்தளைச் சக்கரம் எதையும் காணோம். கறுப்பு ரப்பரில் பூ மாதிரி இதழ் இதழாக ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. சரி, இது வாஷர், இம்பெல்லர் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். வாஷரோ அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினேன். ஒரு இதழ் பிய்ந்து கையோடு வந்தது. (வாஷர்தானே, போகட்டும்.) சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நெம்பினேன். இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னும் ஒன்று.

அந்த இடைவெளி வழியாகத் தேசிங்கை டார்ச் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் இம்பெல்லர் இல்லை. டப்பாவின் சுவர்தான் இருந்தது. நடுவில் சுழலும் தண்டு, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மிச்ச ரப்பர். இவ்வளவு நேரமும் இம்பெல்லரைத் தேடி நான் பிய்த்துக்கொண்டிருந்ததுதான் இம்பெல்லர்.

"இன்னா சார், வந்துச்சா?" என்றார் கன்னியப்பன், கத்தியைத் துணியில் துடைத்தபடி.

கத்தியைப் பார்த்தேன். "ஆச்சுண்ணா, ரிலீஸ் ஆயிடுச்சு" என்றேன். மூடியைப் போட்டு முடுக்கினேன். உள்ளே மூன்று இதழ் மிச்சமிருந்தது. மூன்று இதழும் மனசு வைத்தால் தண்ணீர் வராதா என்ன? அவர்கள் இன்ஜினைக் கிளப்புவதற்குள் நான் பஸ் ஏறிவிட்டால் போதும் என்றிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு கரைக்குத் தாவப் பார்த்தேன். தேசிங்கு தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கமாம். படகில் யார் ரிப்பேர் பார்த்தாலும், முதல் ஓட்டத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். பத்திரிகை கொடுக்கணும், பஸ் போயிடும், வயிறு சரியில்லை என்று நான் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கை வெச்சவரு ஏறணும் சார்," என்றார் கன்னியப்பன். "அப்பத்தான் எங்களுக்கு தைரியம்."

கயிற்றை அவிழ்த்துவிட்டார். செம்பாக்கம் ஏரியையே கரையில் நின்று மட்டும் பார்த்த நான், படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இன்ஜின் கிளம்பியது. படகின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து, பம்ப் இழுத்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. தேசிங்கு என் முதுகில் தட்டினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் சொட்டு நின்றது. ரப்பர் கருகும் வாடை வந்தது, புகை வந்தது. கன்னியப்பன் இன்ஜினை அணைத்தார். தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். படகு தானாகவே அலை உடையும் பக்கம் நகர ஆரம்பித்தது.

"சாருக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அந்தச் சரியைக் கேட்டதும், கல்யாணப் பத்திரிகைக்குப் பதிலாக என் கருமாதிப் பத்திரிகை கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. எனக்குப் பார்த்திருந்த பெண் அதுவரை என்னிடம் பேசியது, "சர்க்கரை போதுமா?" என்ற ஒரே கேள்விதான். நான் தலையைத்தான் ஆட்டியிருந்தேன். ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்லாமல் போய்ச் சேரப் போகிறேனே என்று அழுகை வந்தது.

யாரும் கேட்காமலே சட்டைப் பையிலிருந்த இதழ்களை எடுத்துத் தேசிங்கின் கையில் திணித்து, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாமிகளிடம் போனேன். மனசுக்குள் வேண்டினால் அலைச் சத்தத்தில் கேட்காது என்று உரக்கவே வேண்டினேன். திருப்பதிக்கு மொட்டை. திருத்தணிக்குக் காவடி. வேளாங்கண்ணிக்கு என் உயரத்துக்கு மெழுகுவத்தி. ஒரு கட்டத்தில், மொட்டையைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறேன் என்று நானாகவே தேதியையும் முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

படகு மெத்தென்று எதன்மேலோ உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தேன். கன்னியப்பன் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது. கழிமுகத்துக்கு முன்னால் குறுக்கே பெரிய மணல்திட்டு. தண்ணீர் இறங்கும் நேரத்தில் எந்தப் படகும் அதைத் தாண்டாதாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா," என்றேன்.

"நீங்க சாமிகிட்ட பேசிகினு இருந்தீங்க சார். நடுவுல நாம எப்டி பேசறது?"

கரைவரைக்கும் படகைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். நானும்தான் தள்ளினேன், பேன்ட்டோடு. மறுநாள் தேசிங்கு அந்த இதழ்களைக் காசிமேட்டுக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி ஒன்று கேட்டானாம். எலி கடித்ததா என்று கடைக்காரர் கேட்டாராம். ஆமாம், தாம்பரத்து எலி என்றானாம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே அம்மாவிடம் என் வேண்டுதல்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அம்மா காவடிக்கும் மெழுகுவத்திக்கும் தவணை கொடுத்தாள். மொட்டைக்கு மட்டும் கொடுக்கவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடின்னு உன் வாயாலேயே சொல்லியிருக்கே. சாமி கேட்டாச்சு" என்றாள்.

மாப்பிள்ளை அழைப்பில் நான் காரிலிருந்து இறங்கியதும் நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சு தவறவிட்டார். மொட்டைத் தலையைப் பார்த்த மாமனார் வெலவெலத்துப்போய் என் அப்பாவைத் தேடினார். அப்பா பின்னாலேயே வெற்றிலை மென்றபடி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. முகூர்த்தத்தில் பட்டுத் தலைப்பாகை, தாலி முடிச்சுப் போடும் வரைக்கும் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆல்பத்தில் பாதிப் படத்தில் அது என் மூக்கில் உட்கார்ந்திருக்கும்.

இப்போதும் வீட்டில் குழாய் ஒழுகுகிறதே என்று நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும். அடுப்படியிலிருந்து என் மனைவி தலையைக்கூடத் திருப்பாமல் கேட்பாள்:

"இந்தத் தடவை எந்தக் கோயில்?"

என் கை தானாகவே தலைமுடியைத் தொட்டுப் பார்க்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடப் போவேன்.