மலைக்காற்றை மூட்டை கட்டிய விசில் வாத்தியார்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நீந்தத் தெரியாத ஒரே நீச்சல் பயிற்சியாளர் எங்கள் விசில் வாத்தியார்தான். அதில் அவருக்குத் துளி வெட்கமும் கிடையாது. "சமைக்கறவன் சட்டிக்குள்ள குதிக்கோணுங்களா?" என்பார். நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கழுத்தில் தொங்கிய விசில் அதை விழுங்கிவிட்டது.

எங்கள் கல்லூரியில் நீச்சல்குளம் கிடையாது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் நாங்கள் நால்வரும் பழகினோம். அந்த வருஷம் பிரின்சிபால் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மெடலாவது வராவிட்டால் நீச்சல் குழுவைக் கலைத்துவிடுவாராம். வாத்தியார் இரண்டு நாள் விசிலே ஊதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூடக் கிணற்று மேட்டில் நிற்கிற மனிதருக்கு எங்களை விட்டால் வேறு என்ன இருந்தது?

மூன்றாம் நாள் செய்தித்தாளோடு ஓடிவந்தார். அடுத்த ஒலிம்பிக்ஸ் மெக்சிகோவில், ஏக உயரத்தில். அதனால் வெளிநாட்டு வீரர்கள் மலையேறிப் பழகுகிறார்களாம். அங்கே காற்று மெலிசு. அதற்குப் பழகிய உடம்பு கீழே இறங்கினால் மூச்சே வாங்காதாம்.

கோடை விடுமுறை முழுக்க குன்னூருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தோம். முதல் நாள் யாரும் இறங்கவில்லை. வாத்தியாரே படிக் கம்பியைப் பிடித்துக் கழுத்தளவு இறங்கினார். உதடு நாவற்பழமாகிவிட்டது. "வெ... வெதுவெதுன்னு இருக்குதுங்க. எறங்குங்க கண்ணு."

நாலு கை போடுவதற்குள் நெஞ்சு அடைத்தது. அவருக்கோ ஆனந்தம். "நல்லா மூச்சு எரைக்குதுங்களா? அருமைங்க!" ஆனால் விடுமுறை முடிவதற்குள் தொட்டியை முப்பது சுற்று சுற்றியும் எங்களுக்கு மூச்சு இரைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். மலைக்காற்று ஆறிப்போவதற்குள் கோயமுத்தூரில் நடக்கும் போட்டிக்குப் போய்விட வேண்டும் என்று, பந்தயத்தன்று காலையில்தான் பஸ் ஏற்றினார். கொண்டை ஊசி வளைவுகளில் நால்வரும் முறை வைத்து வாந்தி எடுத்தோம். மேட்டுப்பாளையம் வந்ததும், சமவெளிக் காற்று உள்ளே புகுந்து நல்ல காற்றைத் தள்ளிவிடும் என்று எங்கள் மூக்கு வாயெல்லாம் கைக்குட்டையால் கட்டிப்போட்டார். "ஏனுங்க, என்ன சீக்குங்க?" என்று கண்டக்டர் எட்டி நின்று கேட்டார். "காத்துங்க, செலவாயிரக்கூடாது," என்றார் வாத்தியார். அவிநாசி ரோடு வரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

பிறகென்ன? துவண்டுபோன மற்ற மூவரும் வரிசையாகத் தோற்றார்கள். மிச்சம் நான் ஒருவன், நானூறு மீட்டர். வயிறு காலி. ஆனால் கடைசிச் சுற்றில் பக்கத்து ஆசாமிக்கு மூச்சு தீர்ந்தது; எனக்கு எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. அரை முழம் முந்தி மூன்றாவது. மெடல்! குழு பிழைத்தது!

மேலேறிப் பார்த்தால் வாத்தியார் தரையில் மல்லாந்து கிடக்கிறார். நான் சுவரைத் தொடுகிற வரைக்கும் அவரும் கூடவே மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாராம். கடைசியாகப் பிடித்த மூச்சை வெளியே விட மறந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் அடித்தோம். கண் திறந்தவர் மெடலைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏனுங்க கண்ணு, மூச்சு எரைச்சுதுங்களா?"

என் நெஞ்சு கொல்லன் துருத்தியாக அடித்துக்கொண்டிருந்தது.

"துளிகூட இல்லீங்க சார்," என்றேன். சொல்லிவிட்டு, துண்டுக்குள் முகத்தைப் புதைத்து, அவருக்குக் கேட்காதபடி மூச்சிரைத்துக்கொண்டேன்.