பாயிலா, ஜன்னலோரமா?

ஓய்வு பெற்ற மறுநாளே முடிவெடுத்துவிட்டேன். இனி யார் சொல்லுக்கும் வளைவதில்லை. கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த காலம் முழுக்க மேலதிகாரிக்கு வளைந்து வளைந்து முதுகே கேள்விக்குறியாகிவிட்டது. இனி நானே ராஜா.

ராஜாவுக்கு ஒரு நாடு வேண்டுமே. வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினேன். என் மனைவி உப்பைத் தேடி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது. அவள் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"முக்குல இருக்கிற பாலர் பள்ளியில சம்பளமில்லாம பாடம் சொல்லித்தர ஆள் தேடுறாங்களாம். நீங்க காலையில போறீங்களா, மத்தியானம் போறீங்களா?"

தீர யோசித்து, "காலையில" என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே எடுத்த முடிவு. கூடவே ஒரு பந்தயமும் கட்டினேன். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினால் வீட்டு நிர்வாகம் என் கையில். முடியாவிட்டால் சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்துகளை வளைக்கத்தான் போனேன். உட்காருங்கள் என்றதும் ஒருத்தி மேஜைக்கடியில் புகுந்தாள். ஒருவன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு வகுப்பை வலம் வந்தான். எழுத்து அட்டையைக் கொடுத்தால் அதையே ஸ்டீயரிங் ஆக்கி பஸ் ஓட்டினார்கள். அந்த பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொள்ளவும் இல்லை. வாரமோ முடியப் போகிறது.

கடைசியில் டீச்சரம்மா இரக்கப்பட்டார்.

"உட்காருன்னு சொல்லாதீங்க சார். பாயில உட்கார்றியா, ஜன்னலோரமா உட்கார்றியான்னு கேளுங்க. எதைச் சொன்னாலும் உட்கார்ந்துதானே ஆகணும்? ஆனா அவங்களே முடிவு பண்ண மாதிரி இருக்கும்."

கேட்டேன். செருப்புக்காரன் நெடுநேரம் யோசித்து, பெரிய மனிதத் தோரணையில் "ஜன்னல்" என்றான். மற்றவர்களும் ஆளுக்கொரு இடம் பிடித்தார்கள். வரிசை கோணல்தான், ஆனால் நான் அதை நேராக்கப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பஸ் விட்டோம். நிறுத்தத்துக்கு ஓர் எழுத்து. நான் கண்டக்டராகத் தவழ்ந்து தவழ்ந்து விசில் ஊதினேன். முட்டி கெஞ்சியது. ஆனாலும் இத்தனை சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

வெற்றிவீரனாக வீடு திரும்பி, ஜெயித்த கதையைச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கோங்க. டீ போடுறீங்களா, பாத்திரம் கழுவுறீங்களா?"

"டீ" என்றேன் கம்பீரமாக. பால் பொங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா, இந்த வித்தையை டீச்சரம்மாகிட்ட கத்துக்கிட்டியா?"

"நானா? அவங்கதான் எங்கிட்டக் கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி இவ்வளவு சொன்னபடி கேக்கிறாருன்னு."

காலையிலா, மத்தியானமா என்ற அந்தக் கேள்வி காதில் மணி அடித்தது. இனி ஏமாறமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டீயை ஆற்றினேன்.

"டம்ளரை இப்பவே கழுவுறீங்களா, குடிச்சிட்டுக் கழுவுறீங்களா?" என்றாள்.

நெடுநேரம் யோசித்தேன். பிறகு பெரிய மனிதத் தோரணையில், "குடிச்சிட்டு" என்றேன்.