பச்சை எள்ளும் பதினாறு அங்குலத் திறப்பும்

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதுவது. கடவுள் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். தினமும் காலையில் என் முதல் வேண்டுதல் உங்களுக்குத்தான், இரண்டாவதுதான் எங்களுக்கு. ஆறு வருஷமாக அடுப்பே பற்றவைக்காமல் பச்சைக் காயும் பழமும் எள்ளுமாகச் சாப்பிட்டு, இந்த வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டும் உங்களை நான் முன்பு மனதுக்குள் கொஞ்சம் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விஷயம் வெற்றி! நாள்வாரியாகக் குறித்து வந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஒன்றும் விட்டுப்போகாது.

உங்கள் தம்பி லிஃப்ட் மெக்கானிக் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் லிஃப்ட்டின் கூரையில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாக மேலே ஏறி நின்றுதான் லிஃப்ட்டைத் தாங்கும் கம்பி வடத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். பதினாறுக்கு இருபது அங்குலம். இரண்டு வருஷமாக இவர் பருத்துக்கொண்டே போனதில், ஒரு நாள் இடுப்போடு அதில் மாட்டிக்கொண்டார். தலை மேலே, கால்கள் கீழே. சூப்பர்வைசர் வந்து அந்த இரண்டு கால்களைப் பார்த்தே பேசியிருக்கிறார்: "நாப்பது நாள் டைம் தர்றேன். இதுக்குள்ள நுழையற ஆளா வா. இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்து புகார் ஃபோன எடு." இவருக்கா ஃபோன்! வீட்டு ஃபோன் அடித்தாலே எழுந்து குளியலறைக்குள் போய்விடுகிற மனிதர். அன்று வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வடத்தைத் தடவிப் பார்த்தே கோளாறைச் சொல்லும் கை, நாள் முழுக்க ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருப்பதா என்று எனக்குத் தாங்கவில்லை. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றேன். "அதான்" என்றார். என் மேல் எவ்வளவு நம்பிக்கை, பாருங்கள்!

உடனே உங்களிடம் வழி கேட்டு எழுதினேன், உங்கள் பதில் கிடைத்த அன்றே அடுப்பை மூடிவிட்டேன். வெறும் காயும் பழமும் தின்றால் ஆள் துவண்டுவிடுவார், எலும்புக்கும் தெம்புக்கும் எள் வேண்டும், வறுக்கக் கூடாது, எட்டு மணி நேரம் ஊற வேண்டும், நான்கு தண்ணீரில் அலச வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன், ஒவ்வொரு வாயும் நாற்பது தடவை மெல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்தேன். முதல் வாரம் மட்டும் கொஞ்சம் சிரமம். அலசும்போது மிதக்கிற எள்ளெல்லாம் தொட்டிக் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது குழாயா, விதைக் கிடங்கா? உள்ள முளைவிட்டிருக்கு" என்றார். முளைகட்டலாம் என்று நான் துணியில் கட்டி வைத்தே முளைக்காதது குழாயில் முளைத்திருக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். துணியில் கட்டியதோ மூன்று நாளில் ஒரே கசப்பு. நான் நாக்கில் வைத்துத் துப்பிவிட்டேன், உங்கள் தம்பி முழுவதும் மென்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த மனசு யாருக்கு வரும், அண்ணி! பிறகு ஜன்னலில் உலர்த்தியதைப் புறாக்கள் தின்றுவிட்டுப் போயின. அவற்றைத் திட்டவும் மனசு வரவில்லை. பச்சையாகச் சாப்பிடுவதில் அவை உங்களுக்கும் மூத்தவை இல்லையா?

இரண்டாம் வாரத்திலிருந்து கை பழகிவிட்டது. காலையில் எள்ளை அரைத்துப் பால் பிழிந்து ஒரு டம்ளர், மத்தியானத்துக்கு வெள்ளரிக்காய், கேரட் மேல் தூவி எலுமிச்சை பிழிந்து ஒரு டப்பா, சாயங்காலம் பேரீச்சம்பழத்தோடு இடித்து ஒரு உருண்டை. மூன்றும் சேர்ந்து இரண்டே ஸ்பூன், ஒரு எள்கூட அதிகமில்லை. எண்ணி மெல்லச் சொன்னால் இருபதிலேயே விழுங்கிவிடுகிறார் என்பதால், நான் எதிரே உட்கார்ந்து ஒரு பிரார்த்தனையை வாய்விட்டுச் சொல்வேன். அது முடியும்போது சரியாக நாற்பது மெல்லல். அவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மெல்வார். முப்பது வருஷமாகக் கும்பிட வராத மனிதரை எள் கும்பிட வைத்ததே என்று நான் உருகிப் போனேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் பதினாறுக்கு இருபது வெட்டி, சமையலறை வாசலில் கட்டிவிட்டேன். தினமும் அதன் வழியாக நுழைந்து வந்தால்தான் எள்ளுப் பால். முதல் நாள் தலையும் ஒரு தோளும். பத்தாம் நாள் நெஞ்சு வரை. இருபத்தாறாம் நாள் வயிறு பாதி வந்து நின்றுவிட்டது, பாலை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பத்தைந்தாம் நாள் மனிதர் முழுசாக வந்து இந்தப் பக்கம் விழுந்தார். இடுப்பில் ஆறு அங்குலம் குறைவு, அண்ணி, ஆறு! தேதிவாரியாக இருக்கிறது.

இவர் கூட வேலை பார்க்கிற பையனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் நடுவில் ஒரு நாள் வந்து, "அக்கா, அண்ணன் லஞ்ச் டப்பாவத் திறந்தாலே நாங்க எழுந்து தள்ளி உக்காந்துக்கறோம். அவர் மென்னு முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு ரெண்டாவது டீ வந்துருது" என்றான். "நீயும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் பாருடா" என்றேன். "எனக்குக் கல்யாணம் ஆகணும்க்கா" என்று ஓடிவிட்டான்.

நேற்றுதான் நாற்பதாம் நாள். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் சோதனை. ஏணி போட்டு, சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, உங்கள் தம்பி வெண்ணெயில் கத்தி போல மேலே போயிருக்கிறார். ஸ்பேனர்தான் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னான்: "சட்டைப் பித்தான்கூட உரசலக்கா! சூப்பர்வைசரே கை தட்டிட்டாரு. அண்ணன்தான் மேல போனதும் வடத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. கால் மணி நேரம் அப்படியே நின்னாரு." நாற்பது நாள் பிரிந்திருந்த வடம், ஆசையில் பிடித்திருப்பார் என்றேன். அப்போதே விளக்கேற்றி, சாமிக்கு அடுத்தபடியாக உங்களை நினைத்துக் கும்பிட்டேன். அந்த ஃபோன் நாற்காலியிலிருந்து உங்கள் தம்பியைக் காப்பாற்றியது நீங்கள்தான், நீங்கள் காட்டிய எள்தான். இனி எங்கள் வீட்டில் உங்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால், நான் சும்மா இருக்க மாட்டேன். (இதுவரை சொன்னதும் நான்தான் என்பதால் இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.)

உங்கள் பற்களும் முழங்காலும் நீடூழி நல்லபடி இருக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

என்றும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்காவுக்கா எழுதற? கொஞ்சம் நிறுத்து" என்றார். பிறகு இப்படிச் சொன்னார்: "ரெண்டு வருஷம் முன்னாடி லிஃப்ட் மேல நின்னுட்டு இருக்கும்போது அது சட்டுனு அரை அடி இறங்கிச்சு. அதுலேருந்து அந்தத் திறப்போட மூடியத் தொறந்தாலே எனக்குப் பயம் வந்துருது. உன்கிட்ட சொல்ல வெக்கம். உடம்பு பெருத்தா மேல அனுப்ப மாட்டாங்கன்னுதான் வேணும்னே தின்னேன். ஃபோன் நாற்காலின்னு சூப்பர்வைசர் சொன்னப்ப, நான் மாட்டிக்கிட்ட எடத்துலேயே கடவுளுக்கு நன்றி சொன்னேன்டி." "அப்ப ஏங்க இத்தன நாள் அந்த எள்ளத் தின்னீங்க?" என்றேன். "நீ விடியறதுக்கு முன்னாடி எழுந்து நாலு தண்ணி அலசற. எதிர்ல உக்காந்து எனக்காகக் கும்பிடற. எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார். அண்ணி, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. சூப்பர்வைசர் மறுபடி மாதக் கடைசியில் மேலே ஏறச் சொல்லியிருக்கிறாராம். ஆகையால் மேலே எழுதிய நன்றி அப்படியே இருக்கட்டும். ஒரு ஆளை மூன்று வாரத்தில் ஆறு அங்குலம் பருக்க வைக்க உங்கள் முறையில் என்ன வழி என்று அடுத்த தபாலிலேயே எழுதவும். எள்ளிலேயே இருந்தால் நல்லது, வீட்டில் இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது.