மொட்டை மாடியில் வியாழன்

தலையே போனாலும் மொட்டை மாடியை விடுவதில்லை என்று தசரதன் சபதம் எடுத்தார். மனைவி காந்திமதியின் தம்பி ரகுவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. அவன் தங்க மாடியில் ஓர் அறை போட வேண்டுமாம். நவக்கிரகம் படுத்துகிற பாடு போதாதா, பத்தாவதாக மச்சான் வேறா?

காந்திமதியோடு நேருக்கு நேர் மோதி ஜெயித்தவர் படப்பை ஊரிலேயே கிடையாது. எனவே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸ், கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் ஒரு லென்ஸ், நடுவில் பிளாஸ்டிக் குழாய். தொலைநோக்கி தயார். மாடியின் நட்டநடுவில் அதை நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"மேக்கால பாரு. வெள்ளி, செவ்வாய், வியாழன், மூணும் ஒண்ணா நிக்குது. மின்னுனா நட்சத்திரம், மின்னாட்டி கிரகம்."

"ஐயே, வெள்ளி பாதி நிலா மாட்டம் கீது!"

"வியாழன் பக்கத்துல பொட்டுப் பொட்டா தெரியுதா? அதெல்லாம் அதோட நிலா. தெனம் எடம் மாறும். தெனம் பாத்து வரையணும். இனிமே இந்த மாடி விஞ்ஞானத்துக்குத்தான். ஒரு பய கால் வைக்கக் கூடாது!"

காந்திமதி கோபித்துக்கொள்ளவே இல்லை. அதில்தான் அவர் ஏமாந்தார்.

"மழை பட்டா குழாய் இன்னா ஆவும்?"

"பாழாயிடும். ஆராய்ச்சிக்காரங்க அதுக்குன்னு கட்டடமே கட்டிகிறாங்க. கூரையத் தள்ளுனா தொறந்துக்கும்."

"ராவெல்லாம் முழிச்சிகினு யாரு பாப்பாங்க?"

"ஆளு போட்டுருப்பாங்க. அங்கியே தங்கிக்குவான்."

"அப்ப நாமளும் கட்டிடலாங்க."

தசரதனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அப்பாவுவைப் பிடித்து நிறுத்தி, "வூட்டுக்காரிய வழிக்குக் கொண்டார்றதுக்கு அறிவு வேணும்பா" என்று மார்தட்டினார். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம்; மாடியை எட்டிப் பார்க்க நேரமில்லை. கொத்தனாரைக் காந்திமதியே கூட நின்று வேலை வாங்கினாள்.

வேலை முடிந்த அன்று மாடியேறினார். புது அறைக்குள் தொலைநோக்கி, பக்கத்தில் கட்டில். கட்டிலில் ரகு.

"இவன் இங்க இன்னா பண்றான்?"

"நீங்க காலீல ஃபர்ஸ்ட் ஷிப்ட் போவணும். ராவுல பாக்க ஆளு வேணும், அவன் இங்கியே தங்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

தசரதன் மசியவில்லை. அண்ணாந்து பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அசையாமல் இறுக்கி முடுக்கியிருந்தது.

"கூரை தொறக்கலியே! உள்ள குழாய வச்சிகினு இன்னா புண்ணியம்? வுட மாட்டேன்!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் காந்திமதி. "அந்தக் குழாய எடுத்து வெளிய வெச்சிடுங்க. தம்பிக்குக் கால் நீட்ட எடம் பத்தல."