டிஷ் அண்ணா சொன்ன கடைசி எபிசோட்

ஆங்கிலம் தெரியாமலே ஆங்கிலத்தை மொழிபெயர்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் டிஷ் அண்ணா.

தொண்ணூறுகளில் மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் சந்துக்குக் கேபிள் டி.வி. கொடுத்தவர் அவர். மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ், பக்கத்தில் ஒற்றை அறை, அறைக்குள் அண்ணா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அமெரிக்கத் தொடர் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுடைய பரீட்சை, காதல், சண்டை. பேசுவது ஒரு மண்ணும் புரியாது. டி.வி.க்குள் யாரோ கூட்டமாகச் சிரிப்பார்கள். மானம் போகக் கூடாதே என்று நாங்களும் சிரிப்போம். ஒருநாள் அண்ணா பொறுமை இழந்து, ஒரு மைக்கைக் கேபிளில் சொருகிவிட்டார்.

"இன்னா சும்மா சிரிச்சிகினு கீறீங்க? கதைய நான் சொல்றேன், கேளுங்க!"

அன்றிலிருந்து சந்தே அவர் வாயால்தான் கதை கேட்டது. சுருட்டை முடிப் பையன் 'சுருட்டை' ஆனான். பொன்னிறக் கூந்தல்காரிக்குப் 'புவனா' என்று பெயர் வைத்தார். சுருட்டையின் அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் துணிக்கடை. ஹெட்மாஸ்டர் கத்தினால், "சாருக்கு வூட்ல சண்டை, பாவம்" என்பார். நடுநடுவே, "முதல் மாடி மாமி, குக்கர் கூவிகினே கீது, அணைச்சிட்டு வாங்க" என்ற அறிவிப்பும் உண்டு.

பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்கள் சந்தின் கேபிளையும் வளைத்துப் போட்டது. அண்ணாவின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. "நாளைக்குக் காலைல ஊருக்குப் போறேன். எவனும் அழுவக் கூடாது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். காலையில் கொடுக்கலாம் என்று தெருவே சேர்ந்து ரங்கநாதன் தெருவில் அவருக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தோம்.

அன்றைய எபிசோடில் சுருட்டையின் குடும்பம் ஊரை விட்டுப் போகிறது. அவனோடு சண்டை போட்டிருந்த புவனா மனசு கேட்காமல் ஓடி வருகிறாள். சுருட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். பஸ் நகர்கிறது. பொசுக்கென்று திரை இருண்டது.

"கரண்ட் போச்சு!" என்றது டி.வி.

முதல் மாடி மாமி ஜன்னல் வழியே கத்தினார்: "கரண்ட் போனா உன் குரல் எப்படிடா வரது? எங்காத்துல ஃபேன் சுத்திண்டிருக்கே!"

மாமியின் கத்தல் மாடி வரை கேட்டிருக்க வேண்டும்.

"மாமி, டிஷ்ஷுக்கு மட்டும் போச்சு. கதைய கேளுங்க. பஸ் டயர் பஞ்சர்! புவனா வந்துட்டா. சுருட்டை எறங்கிட்டான். ரெண்டு பேரும் டீ குடிச்சிகினு கீறாங்க. அவ்ளோதான்."

தெரு முழுக்கச் சிரிப்பு. மாமி மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் தொண்டை ஏன்டி அப்படிக் கம்மித்து? மேல போய்ப் பாரு" என்றார் என்னிடம்.

சட்டைப் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அறை பூட்டியிருந்தது. வாசலில் மைக், வயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தார். மனுஷன் 'நாளைக்கு' என்று சொன்னது பச்சைப் பொய்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். சனிக்கிழமைக் கூட்டம் விலகினால்தானே! நான் பிளாட்பாரத்தில் இறங்கும்போது ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. கடைசிப் பெட்டி வாசலில், டிரங்குப் பெட்டியை அணைத்தபடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அண்ணா. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். எலெக்ட்ரிக் ரயிலுக்கு ஏது டயர், பஞ்சராக?

அந்தச் சட்டை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

போன மாதம் என் மகள் அந்த எபிசோடைப் போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் கழித்து முடிவைப் பார்த்தேன். பஸ் போய்விடுகிறது. புவனா ரோட்டில் தனியாக நிற்கிறாள். சிரிப்புச் சத்தமே இல்லை.

"அவ்ளோதானாம்மா? போயிட்டானா?" என்றாள் மகள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"இல்லடி, பஸ் டயர் பஞ்சர். எங்க டிஷ் அண்ணா சொல்லியிருக்கார்."