இடித்த கொட்டகைக்கு இடப்பக்கம்

ஆங்கிலத்தில் ‘பெர்ப்ளெக்ஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு மனிதரைக் கிறுகிறுக்க வைத்து, திக்குத் தெரியாமல் நிற்கச் செய்வது என்று பொருள். பயன்பாடு தெரிய வேண்டுமா? அகராதி வேண்டாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் எங்கள் ஊர்ச் சாலையோரம் காரை நிறுத்தி வழி கேளுங்கள். வழிசொல்லி என்னும் இனம் இங்கே அமோகமாக விளைகிறது.

வழிசொல்லி, தெரியாது என்று சொல்லமாட்டார். நாயை இழுத்துப் பிடித்தபடி கார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, மழையைத் திட்டி, எந்தச் சாலையில் வந்தீர்கள் என்று விசாரித்து, ஐயோ அதில் வந்திருக்கவே கூடாதே என்று வருந்தி, பிறகு இடித்துத் தள்ளிய கட்டடங்களை மட்டுமே அடையாளமாக வைத்து வழி சொல்வார். அவை இப்போது இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் என்ன?

போன செவ்வாய் காலை பத்தே முக்காலுக்கு, கறுப்பு உடையில் மூரியல் என்ற அம்மாள் காரை நிறுத்தினார். பதினொரு மணிக்குத் தங்கையின் அடக்கம். அகப்பட்டவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கிளிஃபர்ட்.

“சர்ச்சுக்கு எப்படிங்க போகணும்?”

“ரொம்ப சுலபம்மா. நேராப் போனா சினிமாக் கொட்டகை இருந்துச்சில்ல, அங்க இடப்பக்கம்.”

“நான் ஊருக்குப் புதுசுங்க.”

அதற்குள் பக்கத்து வீட்டு டோரீன் வந்துவிட்டார். “கொட்டகைய இடிச்சு முப்பது வருஷமாச்சு, கிளிஃப்! பேங்க் இருந்த மூலைன்னு சொல்லு.”

“பேங்கையுந்தான் மூடிட்டானே!”

“இப்ப அது முடிவெட்டுற கடை.”

“அப்ப அதையே சொல்லக்கூடாதா?” மூரியலுக்குக் குரல் உடைந்தது. “அவ எனக்கு ஒரே தங்கச்சிங்க.”

இருவரும் உருகிப்போனார்கள். பலமுறை மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு, காரை எங்கே நிறுத்துவது சௌகரியம் என்று ஆரம்பித்தார்கள்.

இரண்டு நிமிடத் தூரம். அடுத்த ஊர்வரை போய்த் திரும்பி, பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார் மூரியல். குழியை மூடியாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் நான் மட்டும் இருந்தேன்.

“கடைசியா என்ன பாட்டுப் பாடுனாங்க?” என்று கேட்டார். பாவமாக இருந்தது. எனக்கோ பாட்டு நன்றாகத் தெரியும்.

“அதச் சொல்லணும்னா, முன்னால ஒரு பாதிரியார் இருந்தாரும்மா...” என்று தொடங்கினேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, மண்ணருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

சிரிக்கிறீர்களா? சரி. உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பாதிப் பதிலிலேயே நன்றி சொல்லி நழுவியவர்கள் இதுவரை எத்தனை பேர்?